ஆர்ப்பாட்டம், திரைப்பட விழா, ஞாயிறு ஓட்டம்: சென்னையின் டிசம்பர் வார இறுதிக்கு முதல்முறை தயாராகிறவர்களுக்கு

டிசம்பர் இரண்டாம் வாரம் சென்னையில் எல்லாம் ஒன்றாக வந்து விழும். டிசம்பர் 10 மனித உரிமை நாள். அதையொட்டிய சனிக்கிழமையில் ஆர்ப்பாட்டங்களும் கருத்தரங்குகளும் வரிசைகட்டும். சென்னை சர்வதேசத் திரைப்பட விழா பெரும்பாலும் அதே வாரத்து வியாழக்கிழமை தொடங்கும். வெயில் தணிந்த மாதம் என்பதால் ஞாயிறு அதிகாலையில் எங்காவது ஓர் ஓட்டப் போட்டி இருக்கும். மூன்றுக்கும் போக வேண்டும் என்று கிளம்பி, ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். நேரம் போதாமல் அப்படி ஆவதில்லை, காகிதம் கையில் இல்லாமல்தான் ஆகிறது. போலீஸ் அனுமதியையும் விழாவின் டெலிகேட் பாஸையும் ஓடும்போது நெஞ்சில் மாட்டும் எண் அட்டையான பிப்பையும் சனிக்கிழமை காலையில் தேட ஆரம்பித்தால் கிடைக்காது.

நான் இருப்பது ஒரு சிறிய குழு. கட்சிப் பின்னணி இல்லை, அலுவலகம் இல்லை. ஐம்பது பேர் இரண்டு மணி நேரம் நிற்பதற்கு அனுமதி வாங்கவே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. புதிதாக வருகிறவர்கள் அதையே திரும்பப் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மூன்றில் எதை நகர்த்த முடியாது என்று முதலில் பாருங்கள்

படத்தை மறுநாள் பார்க்கலாம். ஓட்டம் அடுத்த மாதமும் வரும். ஆர்ப்பாட்டம் மட்டும் அந்த இடத்தில், அந்த நேரத்தில், நீங்கள் நின்றால்தான் உண்டு. அதனால் முதலில் ஆர்ப்பாட்டத்தின் நேரத்தை எழுதிக்கொண்டு மற்ற இரண்டையும் அதைச் சுற்றி அமையுங்கள். நேர்மாறாகச் செய்கிறவர்கள் ஆர்ப்பாட்டத்துக்குப் பத்து நிமிடம் வந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பேச வந்த பாதிக்கப்பட்டவர் மைக்கைப் பிடிக்கும்போது எதிரே ஆள் இருக்க மாட்டார்கள். சிறிய குழுக்களுக்கு இது மிகவும் வலிக்கிற விஷயம்.

2. ஆர்ப்பாட்டம் நடத்தப் போகிறீர்கள் என்றால்: அனுமதி

சென்னையில் ஆர்ப்பாட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம் எல்லாவற்றுக்கும் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவுதான் கணக்கு. அதன்கீழ் மாநகரக் காவல் ஆணையர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓர் உத்தரவு போடுவார். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஐந்து நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். ஐந்து நாள் என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சனிக்கிழமை ஆர்ப்பாட்டம் என்றால் முந்தைய வாரம் வியாழக்கிழமையே மனு உள்ளே போயிருக்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இடத்தில்தான் முதல் சிக்கல். வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம், சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை, சிவானந்தா சாலை, இவற்றின் பக்கத்தில் எங்காவதுதான் வழக்கமாகக் கொடுப்பார்கள். மெரினாவைக் கேட்டு நாட்களை வீணாக்காதீர்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு அங்கே தருவதில்லை. நீங்கள் எதிர்க்கிற அலுவலகத்தின் வாசலிலேயே நிற்க வேண்டும் என்று ஆசை இருக்கும், நியாயமான ஆசைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை, அது அனுமதிக்கப்பட்ட இடமில்லை என்ற நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். அந்த விலையைக் கொடுக்கத் தயாராகத்தான் நிற்கிறீர்களா என்று குழுவில் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுங்கள். ஒருவரோ இருவரோ எடுக்கக்கூடிய முடிவு இல்லை அது.

மனுவை லெட்டர் பேடில் எழுதுங்கள். லெட்டர் பேட் இல்லையென்றால் வெள்ளைத்தாளில் எழுதி அமைப்பாளர் கையெழுத்திட்டாலும் போதும். ஆர்ப்பாட்டத்தின் நோக்கம், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், எத்தனை பேர் வருவார்கள், யார் தலைமை, யார் யார் பேசுவார்கள், மைக் செட் உண்டா, வாகனங்களில் வருகிறீர்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு பேரின் செல்போன் எண்ணும் முகவரியும் கொடுங்கள். அமைப்பாளரின் ஆதார் ஜெராக்ஸை இணைத்துவிடுங்கள். சங்கம் பதிவு செய்யப்பட்டிருந்தால் பதிவுச் சான்றின் நகலையும் சேருங்கள். கோரிக்கைகள் நாலைந்து வரிக்கு மேல் போக வேண்டாம். துண்டறிக்கை அச்சாகியிருந்தால் அதையும் வையுங்கள், இல்லாவிட்டால் எப்படியும் கேட்பார்கள்.

எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டால் பலம் தெரியும் என்று நினைக்க வேண்டாம். 41 பேர் இறந்த 2025 செப்டம்பர் 27 கரூர் நெரிசலுக்குப் பிறகு கூட்டத்தின் அளவு பற்றிக் கேள்வி அதிகம். ஐம்பது பேர் என்றால் ஐம்பது என்றே எழுதுங்கள். குடிநீர் யார் பொறுப்பு, வாகனங்கள் எங்கே நிற்கும் என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தக் கேள்விகளும் குறையும்.

நான்கு நகல் எடுங்கள். ஆணையருக்கு முகவரியிட்ட ஒன்றை வேப்பேரி ஆணையர் அலுவலகத்திலும், அடுத்ததை அந்த எல்லைக்குட்பட்ட துணை ஆணையர் அலுவலகத்திலும், இன்னொன்றை உள்ளூர் காவல் நிலையத்திலும் கொடுங்கள். நான்காவது உங்களுடையது. அதில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்ப வேண்டாம். “வச்சிட்டுப் போங்க, பார்த்துச் சொல்றோம்” என்பார்கள். பணிவாக, ஆனால் நகராமல் நின்று முத்திரை வாங்குங்கள். அந்த ஒரு முத்திரைதான் பின்னால் எல்லாவற்றுக்கும் ஆதாரம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. யாராவது செலவுக்குக் கேட்டால் கொடுக்க வேண்டியதும் இல்லை.

இனி, முந்தைய வாரமே மனு போக வேண்டும் என்றது ஏன் என்பது. பதில் பெரும்பாலும் முந்தின நாள் மாலையோ இரவோதான் வரும். எங்களுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை இரவு ஒரு காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. அனுமதி இல்லை என்று வாயால் சொன்னார்கள், எழுத்தில் எதுவும் தரவில்லை. எழுத்தில் மறுப்பு இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முத்திரையிட்ட மனு இருந்து பதிலே இல்லை என்றாலும் போகலாம். ஆனால் நீதிமன்றம் சனிக்கிழமை இயங்காது. அதனால் செவ்வாய் அல்லது புதன்கிழமைக்குள் பதில் தெரிந்தாக வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஒருவர் நேரில் போய்க் கேளுங்கள். போனை மட்டும் நம்ப வேண்டாம். மறுத்தால் “காரணத்தோடு எழுதிக் கொடுங்கள்” என்று அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அதற்கும் முத்திரை வாங்குங்கள்.

அனுமதி கிடைத்தால் அதில் நிபந்தனைகள் இருக்கும். குழுவில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம்தான். உருவ பொம்மை எரிக்கக் கூடாது. போக்குவரத்தை மறிக்கக் கூடாது. பேனரை மின்கம்பத்திலோ தடுப்புக் கம்பியிலோ கட்டினால் அது தனி வழக்காகும், கையில் பிடித்தே நில்லுங்கள். கொடிக்குத் தடித்த மரக்கம்பு வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் மைக் செட், பேனர், துண்டறிக்கை, தண்ணீர் கேன், இவ்வளவுதான். இதில் மைக் செட்தான் பெரிது. முன்பணம் கொடுக்கும்போதே “அனுமதி மறுத்தால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்கும் சேர்த்துக் கேளுங்கள். டிசம்பரில் சென்னை வானத்தை நம்ப முடியாது. 2023 மிக்ஜாம் புயல் டிசம்பர் முதல் வாரத்தில்தான் வந்தது.

3. கலந்துகொள்ள மட்டும் வருகிறீர்கள் என்றால்

கிளம்பும் முன் அமைப்பாளரிடம் ஒரே கேள்வி: அனுமதி இருக்கிறதா? இருந்தால் கவலையில்லை. இல்லாமல் நடக்கிறது என்றால், பெரும்பாலும் வேனில் ஏற்றிப் பக்கத்திலுள்ள கல்யாண மண்டபத்திலோ சமூகநலக் கூடத்திலோ உட்காரவைத்து, பெயர், முகவரி எழுதிக்கொண்டு மாலையில் விடுவிப்பார்கள். மாலை என்றால் ஆறு மணி ஆகலாம், தாண்டியும் போகலாம். அன்றைய மதியக் காட்சியை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்படி விடுவித்தாலும் வழக்கு பதிவாகியிருக்கலாம். சட்டவிரோதக் கூட்டம் என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 189, உத்தரவை மீறியதாக 223 ஆகிய பிரிவுகள் வரும். இது பாஸ்போர்ட் விசாரணையிலும் அரசு வேலைக்கான விசாரணையிலும் தலைகாட்டும். எனவே முதல் தகவல் அறிக்கை போட்டார்களா, எண் என்ன என்று கேட்டு வாங்கிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்ததிலிருந்து விடியும்வரை பெண்களை விதிவிலக்கான சூழலில் மட்டுமே, அதுவும் நீதிபதியின் முன் அனுமதியோடு, பெண் அதிகாரிதான் கைது செய்ய முடியும். இலவசச் சட்ட உதவிக்கு 15100. ஒரு வழக்கறிஞரின் எண்ணையும் இதையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போனை வாங்கிவிட்டால் எந்த எண்ணும் நினைவுக்கு வராது.

அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் இருக்கும் நண்பர்களை, தமிழ் பேசுகிறவர்களாக இருந்தாலும், ஆர்ப்பாட்டத்துக்கு அழைக்காதீர்கள். 2019 டிசம்பரில் சென்னை ஐஐடியில் படித்த ஜெர்மன் மாணவர் ஒருவர், போராட்டத்தில் பதாகை பிடித்ததற்காக நாட்டைவிட்டே போகச் சொல்லப்பட்டார். அவர்கள் கருத்தரங்குக்கு வரட்டும், படம் பார்க்க வரட்டும்.

4. திரைப்பட விழா: பாஸ்

இந்த விழாவை இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003இலிருந்து நடத்துகிறது. எட்டு நாள் விழா. ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனியாக டிக்கெட் இல்லை, ஒரு பாஸ் வாங்கினால் எல்லாம் பார்க்கலாம். பொதுப் பாஸ் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்து வந்திருக்கிறது. மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் சலுகை உண்டு, அதற்குக் கல்லூரி அடையாள அட்டையோ வயதுச் சான்றோ வேண்டும். இணையத்தில் பதிவு செய்ய ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்தையும் அடையாள அட்டையின் படத்தையும் போனில் தயாராக வைத்திருங்கள்.

பதிவு செய்ததோடு முடிந்துவிட்டது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கழுத்தில் மாட்டும் அட்டையைக் கவுண்டரில் போய் வாங்க வேண்டும். சனிக்கிழமை அந்த வரிசை நீளம். வியாழன் அல்லது வெள்ளி மாலையில், வேலை முடிந்து போகும் வழியில் வாங்கிவிடுங்கள்.

தணிக்கை விலக்கு பெற்றுத் திரையிடுவதால் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரையாவது முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

இருக்கைக்கு முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே இடம். பேசப்படுகிற படங்களுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வரிசையில் நின்றால்தான் நிச்சயம். என் யோசனை வேறு. பெரிய விருது வாங்கிய படங்கள் சில மாதத்தில் ஓடிடியில் வந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு, பெயரே கேள்விப்படாத நாட்டிலிருந்து வந்த படத்துக்குப் போங்கள். இடமும் கிடைக்கும், வேறெங்கும் பார்க்க முடியாத ஒன்றையும் பார்த்திருப்பீர்கள். சப்டைட்டில் படிக்க வேண்டும் என்பதால் முன்னால் ஆள் தலை மறைக்காத வரிசையாகப் பாருங்கள்.

விழா நடக்கும் இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ராயப்பேட்டை சத்யம், ராதாகிருஷ்ணன் சாலை சிட்டி சென்டர் மால், கஸ்தூரி ரங்கன் சாலை ரஷ்யக் கலாசார மையம் என்று நடந்திருக்கிறது. போன ஆண்டு போன நினைவில் கிளம்பாமல் அந்த ஆண்டின் அட்டவணையைப் பாருங்கள். அதிலும் கடைசி நேரத்தில் படங்கள் மாறும், காலையில் ஒருமுறை சரிபாருங்கள்.

5. ஞாயிறு ஓட்டம்: பிப்

பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். 10 கிலோமீட்டருக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகும். பணம் கட்டியும் ஓட முடியாமல் போகிறவர்கள் எல்லோரும் சிக்குவது ஒரே இடத்தில்தான். ஓடும் நாளில் பிப் தர மாட்டார்கள். வெள்ளி, சனி இரண்டு நாள் மட்டும் ஏதாவது ஒரு மண்டபத்தில் கொடுப்பார்கள். சனிக்கிழமைதானே, போய்க்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கே ஆர்ப்பாட்டமும் படமும் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நண்பரை அனுப்புங்கள். உங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், உங்கள் அடையாள அட்டையின் நகல், பதிவு உறுதி வந்த மின்னஞ்சல், இந்த மூன்றும் அவர் கையில் இருக்க வேண்டும். வேறொருவரின் பிப்பை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்துத்தான் பெயரையும் இரத்த வகையையும் வீட்டாரின் எண்ணையும் பார்க்கும்.

தொடக்கம் அதிகாலை ஐந்து, ஐந்தரை மணிக்கு இருக்கும். மெட்ரோ ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். பெரிய மாரத்தான்களுக்கு மட்டும் முன்னதாகவே இயக்குவார்கள். ஓட்டம் நடக்கும் சாலைகளை அடைத்துவிடுவதால் ஆட்டோ வாசல்வரை போகாது, கடைசி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் தங்கியிருக்கும் நண்பர் வீட்டில் சனி இரவு படுத்துக்கொள்வது உத்தமம். டிசம்பர் என்றாலும் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை நிற்காது. சனிக்கிழமை பகலில் வெயிலில் முழக்கம் போட்ட உடம்பு இது, அன்று முழுக்கத் தண்ணீர் குடியுங்கள்.

6. சனிக்கிழமையைக் கோர்ப்பது

காலை பத்தரைக்கு ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கத்தில் ஆர்ப்பாட்டம், படம் ராயப்பேட்டையில் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டரைக்கு முடியும். பேனரைச் சுருட்டி, குப்பை பொறுக்கி, மைக் செட்காரரை அனுப்பிவிட்டுக் கிளம்ப ஒரு மணி. இந்த அரை மணி நேர வேலையை எப்போதும் இரண்டு பேர் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள், தயவுசெய்து நில்லுங்கள். அப்புறம் எழும்பூரிலேயே சாப்பாடு. எழும்பூர் மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறி, ஆயிரம் விளக்கிலோ எல்.ஐ.சி.யிலோ இறங்கினால் ராயப்பேட்டைக்கு ஆட்டோவில் சில நிமிடம்தான். இரண்டேமுக்கால் காட்சிக்கு நிதானமாக வரிசையில் நிற்கலாம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் பல சாலைகள் திருப்பிவிடப்பட்டிருப்பதால் எழும்பூரிலிருந்தே ஆட்டோ எடுக்க வேண்டாம். சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் வேண்டுமென்றால் சென்னை ஒன் செயலி இருக்கிறது.

படம் நடக்கும் திரையரங்கிலோ மாலிலோ பையைச் சோதிப்பார்கள். கொடி, கம்பு, பதாகை எதையும் உள்ளே விட மாட்டார்கள். அவற்றை ஊருக்குள் இருக்கும் ஒருவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வதாக முன்பே பேசி வையுங்கள். வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் என்றால் மேலே போட ஒரு சட்டை எடுத்து வாருங்கள்.

இரவு ஏழு மணிக் காட்சி வேண்டாம் என்பது என் கருத்து. அது முடிந்து சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகிவிடும், மூன்றரைக்கு எழுந்தால் ஓட்டம் ஓட்டமாக இருக்காது. மாலைக் காட்சியோடு நிறுத்திக்கொண்டு, விட்ட படத்தை ஞாயிறு மதியம் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் எட்டு நாளைக்கும் செல்லும்.

7. திங்கட்கிழமை வேலை

ஆர்ப்பாட்டத்தில் வாசித்த கோரிக்கைகளை மனுவாக எழுதி, திங்கட்கிழமை காலை ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். சனிக்கிழமை எடுத்த படங்களில் இரண்டு, மூன்று, சுருக்கமான கோரிக்கை, அமைப்பாளரின் முகவரி, செல்போன் எண் போதும். பதிவு செய்ததும் ஒப்புகைச் சீட்டில் மனு எண் வரும். அதைப் படம் எடுத்துக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், ஒருவரிடம் மட்டும் இருந்தால் தொலைந்துவிடும். ஒரு மாதம் கழித்துப் பதில் இல்லை என்றால் அந்த எண்ணைச் சொல்லி முதல்வரின் உதவி மைய எண் 1100இல் கேளுங்கள். அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்கும்போது இந்தச் சீட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள்.